ரசீது வெளுத்துப் போனால் வாரண்டியும் போய்விடுமா?

கேள்வி: 2022-ல் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினோம். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி என்றார்கள். இப்போது கூலிங் இல்லை. சர்வீஸ் சென்டரில் பில் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். இனி வாரண்டி கிடைக்காதா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கிடைக்கும், பயப்படாதீர்கள். கடைகளில் சரசரவென்று வெளியே வரும் அந்த பில்லில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தெர்மல் பேப்பர் அது. வெயிலும் வெப்பமும் எண்ணெய்க் கையும் அதன் எழுத்தை வெளுக்க வைக்கும். சில வகை பிளாஸ்டிக் கவர்களில் உள்ள ரசாயனமும் அப்படித்தான். அதனால் உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: மிச்சமிருக்கும் பில்களைக் காப்பாற்றுகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால், சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

முதலில் வாங்கிய கடைக்குப் போங்கள். அன்று நீங்கள் கொடுத்த மொபைல் எண்ணைச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் பழைய பில்லைத் தேடி எடுத்துவிடுவார்கள். "அவ்வளவு பழசு எங்களிடம் இல்லை" என்றால் விட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரி தன் கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2022-ல் வாங்கிய பொருளுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

கடையே மூடிவிட்டார்கள் என்றாலும் வழி உண்டு. தவணையில் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா, கடன் கொடுத்த நிறுவனத்திடம் கணக்கு விவரம் கேளுங்கள். அதில் தேதியும் தொகையும் இருக்கும், பல நேரம் பொருளின் பெயரும் இருக்கும். ஃபிரிட்ஜின் உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண், சீரியல் எண் இருக்கும். அதைப் படம் எடுத்து இந்தக் கணக்கு விவரத்தோடு சேர்த்து ஃபிரிட்ஜ் தயாரித்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது, எழுத்தில்தான் கேட்க வேண்டும். அப்புறம், பத்து வருட வாரண்டி பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். கேஸ் நிரப்பவும் ஆள் கூலிக்கும் தனியே பணம் கேட்கலாம், வாரண்டி நிபந்தனையைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

அப்படியும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி வாங்கும் பொருள்களுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பில் கையில் வந்ததும், கடையை விட்டு இறங்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் அது நடக்காது. கடை முத்திரை போட்ட வாரண்டி கார்டையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் கூடவே எடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி உண்டு, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கோப்புக்கு '2025-03-14 மிக்சி பில்' என்பதுபோல வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே தேதிப்படி அடுக்கிக்கொள்ளும். அந்த ஃபோல்டரை வீட்டில் இன்னொருவருக்கும் பகிர்ந்துவிடுங்கள். முக்கியமாக, வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். சின்னச் சின்னக் கோளாறுகளை இலவசமாகச் சரிசெய்து வாங்க அதுதான் கடைசி வாய்ப்பு. நம்மில் பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

கேள்வி: 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று கூகுளிலிருந்து அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. மாதச் சந்தா கட்டுவதா, புதுப் போன் வாங்குவதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். போனில் உள்ள இடம் வேறு, கூகுள் கணக்கில் உள்ள இடம் வேறு. புதுப் போன் வாங்கினாலும் அதே கணக்கில் நுழைந்தால் அதே அறிவிப்பு வரும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அடங்க வேண்டும். இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸப்பின் பேக்கப்பும் அதில்தான் சேர்கிறது. ஆகவே வாட்ஸப்பிலிருந்து தொடங்குங்கள். பேக்கப் அமைப்பில் வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டாலே பெரிய இடம் மிஞ்சும். ஜிமெயிலின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் larger:10M என்று தட்டினால் கனமான இணைப்புள்ள மெயில்கள் மட்டும் வரிசையாக வரும், வேண்டாததை நீக்கிவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.

எச்சரிக்கை ஒன்று: கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் படத்தை அழித்தால் போனிலிருந்தும் போய்விடும். பிள்ளைகளின் படங்களை வேறொரு இடத்தில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகு அழியுங்கள்.

கேள்வி: அந்த நகலுக்காக ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய் என்று வருகிறதே, வாங்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அந்த அளவு தர யாராலும் முடியாது. உள்ளே இருப்பது சில ஜிபி சிப்தான், கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிஜ இடம் தீர்ந்ததும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. பெயர் மட்டும் தெரியும், திறந்தால் படம் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எஃப்3 (F3) அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச நிரல்களில் ஒன்றால் முழு இடத்தையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். பொய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். குடும்பப் படங்களுக்கு, பில் தரும் கடையில் தெரிந்த நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அதிலும் ஒரு நகல், கூகுளிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

கேள்வி: அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்து ஏற்றி வைத்திருக்கிறேன். போலீஸ் கேட்டால் காட்டலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: நீங்களே ஏற்றிய படம் செல்லாது. டிஜிலாக்கரில் தேடல் வழியாக உரிம எண்ணைக் கொடுத்து, போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்தே வரவழையுங்கள். 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் வரும் அதுதான் அசலுக்குச் சமம். ஆர்சியையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.