ஆரஞ்சு கார் வாங்கலாமா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து

கேள்வி: காம்பேக்ட் எஸ்.யூ.வி. ஒன்று புக் செய்யப் போகிறேன். எனக்கும் மகளுக்கும் ஆரஞ்சு கலர் பிடித்திருக்கிறது. மனைவி, "கண்ணை உறுத்துகிறது" என்கிறார். அப்பா, "வெள்ளை எடு, விற்கும்போது நஷ்டப்பட மாட்டாய்" என்கிறார். மச்சானோ, "வெயிலில் வெளுத்துவிடும், ஒரு இடி வாங்கினால் அப்புறம் அதே கலர் கிடைக்காது" என்கிறார். இப்போதைக்கு வெள்ளை வாங்கிவிட்டு, பிறகு ஆரஞ்சு அடித்துக்கொள்ளலாமா? 8 வருடமாவது ஓட்டும் எண்ணம். வண்டி தெருவில், வேப்பமரத்தடியில்தான் நிற்கும். (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். வெள்ளை வாங்கிப் பிறகு கலர் மாற்றும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் பாடியை மட்டும் தனியாகத் தொட்டியில் முக்கி எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு ஏற்றி, அடுப்பில் வேக வைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், கலர், நிறமில்லாத மேல் பூச்சான கிளியர் கோட் என்று வரிசையாக ஏறும். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிடச் சற்றே தடிமன். பட்டறையில் வயர், பிளாஸ்டிக், சீட் எல்லாம் வண்டிக்குள் இருக்கும் என்பதால் 60 டிகிரி வாக்கில்தான் சூடு காட்ட முடியும். எவ்வளவு நல்ல பெயின்டர் அடித்தாலும் அந்த முதல் பூச்சுக்கு அது ஈடாகாது. கதவு இடுக்கு, பானெட்டின் உள்பக்கம், டிக்கி ஓரம் என்று எல்லாவற்றிலும் கலர் மாற்றினால் செலவு எகிறும். மாற்றாமல் விட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை எட்டிப் பார்க்கும்.

ஆர்.சி.யிலும் கலர் பதிவாகியிருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து அதைத் திருத்த வேண்டும். (மிலிட்டரிப் பச்சை மட்டும் எந்த வழியிலும் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 121-வது விதி அதை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.) பிறகு விற்கப் போகும்போது, வாங்க வருபவர் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்தால் வண்டி முழுக்க எண் ஏறிக் காட்டும். "பெரிய ஆக்ஸிடென்டா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

உங்கள் மச்சான் சொன்னதில் பாதி உண்மை. ஷோரூமில் யாரும் விளக்காத விஷயம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. ரிப்பேரில் கலர் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிப்பது ஆரஞ்சா வெள்ளையா என்பதைவிட, அது சாலிடா, மெட்டாலிக்கா, பேர்லா என்பதுதான். சாலிடில் வெறும் நிறமிதான் இருக்கும். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். பேர்லில் மைக்கா போன்ற மினுக்கும் துகள் இருக்கும். சில பேர்ல் கலர்களில் அடியில் ஒரு கலர், அதன்மேல் பேர்ல், அதன்மேல் கிளியர் என்று மூன்று கோட் வரும். உங்கள் அப்பா "பத்திரமான வெள்ளை" என்று நினைப்பது அந்த மூன்று கோட் பேர்ல் வெள்ளையாக இருந்தால், சாலிட் ஆரஞ்சைவிட அதைச் சேர்ப்பதுதான் கஷ்டம். பேர்ல் கோட் ஒரு கை கூடினாலோ குறைந்தாலோ நிறமே மாறிவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பட்டறைக்கு ஆரஞ்சு மெட்டாலிக் கார் ஒன்று வந்தது. இடது பின்கதவில் பைக் ஹேண்டில் இழுத்த நீளக் கோடு. கம்பெனி அந்தக் கலருக்குக் கொடுத்த எண் சரி, சொன்ன கலவை சரி. கதவை மட்டும் அடித்தோம். ராத்திரி டியூப்லைட்டில் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் மாலை 4 மணிக்கு வெயில் சாய்வாக விழுந்ததும் அந்தக் கதவு மட்டும் செங்கல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. கலவையில் தப்பில்லை, அடித்த விதத்தில்தான். பெயின்டை ஈரமாக, கனமாக அடித்தால் துகள்கள் உள்ளே அமிழ்ந்து கோணலாக நிற்கும், நிறம் இருண்டு தெரியும். கொஞ்சம் உலர்வாக அடித்தால் மேலே படுத்துக்கொள்ளும், வெளிறித் தெரியும். பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியின் தூரம், காற்றழுத்தம், கை வேகம் மூன்றும் இதில் சேரும். கடைசியில் முன்கதவிலும் பின் ஃபெண்டரிலும் கலரை ஓரம் தெரியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கிக் கரைத்துவிட்டு, மூன்று பேனலுக்கும் முழுசாகக் கிளியர் அடித்த பிறகுதான் கண் ஏமாந்தது. அன்றிலிருந்து மெட்டாலிக் எதுவானாலும் முதலில் ஒரு அட்டையில் அடித்து, வெயிலில் வண்டியின்மேல் வைத்துப் பார்க்காமல் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை.

ஆகவே ஷோரூமில் அந்த ஆரஞ்சு வண்டியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். முகம் உரசும் அளவுக்குக் கிட்டே போய் வெயிலில் பாருங்கள். மினுக்கும் பொடி தெரியாவிட்டால் சாலிட், தைரியமாக எடுக்கலாம். பொடி தெரிந்தாலும் எடுக்கலாம், ஆனால் கதவில் அடிபட்டால் பக்கத்துப் பேனலிலும் கலர் கரைக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதை எஸ்டிமேட் போடும்போதே எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் அடிபட்ட பேனலுக்கு மட்டும் கணக்குப் போட்டால் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்று: புது வண்டியிலேயே பம்பரும் ஃபெண்டரும் ஒரு நூல் வித்தியாசமாகத் தெரியலாம். பிளாஸ்டிக் பம்பரைத் தனியாக அடிப்பதால் வருவது அது. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சளில் அது கூடுதலாகக் கண்ணில் படும். எடுக்கும் முன் பார்த்து மனதைச் சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

வெளுப்பது பற்றி: உங்கள் மச்சான் பழைய சிவப்புக் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கிளியர் கோட் இல்லாத அந்தக் காலப் பெயின்ட் வெயிலில் சுண்ணாம்பு பூத்து, ரோஸ் நிறத்துக்கு இறங்கும். இன்று மேலே இருக்கும் கிளியர் கோட்டிலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது உரியாதவரை கலருக்கு 8 வருடம் பெரிய சோதனை இல்லை.

அப்பாவின் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. உலக அளவில் 2011-லிருந்து அதிகம் விற்கும் கார் கலர் வெள்ளைதான், நம் ஊரிலும் அதேதான். செகண்ட் ஹேண்டில் வெள்ளை சீக்கிரம் கைமாறும். ஆனால் சீக்கிரம் விற்பது வேறு, கூடுதல் விலைக்கு விற்பது வேறு. அமெரிக்காவின் ஐசீகார்ஸ் நிறுவனம் 2025-இல் மூன்று வருடப் பழைய கார்களை ஆராய்ந்தபோது, மதிப்பு குறைவாகச் சரிந்தவை மஞ்சளும் ஆரஞ்சும், அடுத்து பச்சை. வெள்ளை சராசரியைவிடக் கூடுதலாகவே சரிந்திருந்தது. இதை அப்படியே திருச்சிக்குப் பொருத்த வேண்டாம், அங்கே மஞ்சளில் வருவதில் பல ஸ்போர்ட்ஸ் கார்கள். ஆனாலும் காரணம் இங்கும் ஒத்துவரும். அரிதான கலரைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், தேடி வருகிறவர் பேரத்தில் முரண்டு பிடிக்க மாட்டார். நீங்கள் 3 வருடத்தில் மாற்றுகிறவர் என்றால் அப்பா பக்கம் நின்றிருப்பேன். 8 வருடம் கழித்து வாங்க வருபவர் கிலோமீட்டர், சர்வீஸ் ரெக்கார்டு, எத்தனையாவது ஓனர் என்றுதான் முதலில் பார்ப்பார். வெள்ளையிலும் ஒரு சங்கடம் உண்டு: சில மாடல்களில் வெள்ளையைப் பார்த்ததுமே "டிராவல்ஸில் ஓடிய வண்டியா?" என்று சந்தேகப்படுகிறார்கள்.

பாதுகாப்பிலும் சூட்டிலும் ஆரஞ்சு பயப்பட வைக்கும் கலர் இல்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வு (2007) பகலில் வெள்ளையைவிடக் கறுப்புக் காருக்கு விபத்து வாய்ப்பு 12 சதவீதம் கூடுதல் என்றது. வெள்ளையை மிஞ்சும் கலர் எதையும் அது காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-இல் கறுப்பு, சில்வர் கார் இரண்டை வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, உள்ளே 5, 6 டிகிரி வித்தியாசம் இருந்தது. ஆரஞ்சு இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். கறுப்பைக் கேட்டிருந்தால்தான் உங்களைத் தடுத்திருப்பேன்.

வேப்பமரம்தான் உங்களுக்கு நிஜமான எதிரி. பிசினும் பறவை எச்சமும் வெயிலில் காய்ந்தால் எந்தக் கலரானாலும் கிளியர் கோட்டை அரிக்கும். அன்றன்றே ஈரத்துணியை ஊற வைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைப் புள்ளி வெள்ளைக் காரில் தெரியாது, ஆரஞ்சில் தெரியும்.

மனைவி சொல்வதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 8 வருடம் அவரும் அதே வண்டியில் ஏறி இறங்கப் போகிறார். புக் செய்யும் முன் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் விளக்கு எந்தக் கலரையும் தூக்கிக் காட்டும். வண்டியை வெளியே நிறுத்தி, உச்சி வெயிலில் ஒரு தடவையும் மாலை 5 மணிக்கு ஒரு தடவையும் பார்க்கட்டும். மாலையிலும் உறுத்துகிறது என்றால் அதே மாடலில் அடர் நீலமோ சிவப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்துவிட்டது என்றால் அன்றைக்கே அந்தக் கலரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சின்னக் கீறலுக்குத் தடவும் டச்-அப் பெயின்ட் பாட்டில் ஒன்றும் சேர்த்து ஆர்டர் செய்துவிடுங்கள்.