அஸ்வகந்தா போட்டா தூக்கம் வருமா?

கேள்வி: அக்கா, மூணு மாசமா எனக்கு சரியா தூக்கமே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சுன்னா விடியுற வரைக்கும் ஃபேனையே பாத்துட்டு படுத்திருக்கேன். கூட வேலை பாக்குற பொண்ணு அஸ்வகந்தா கேப்ஸ்யூல் போடுறா, டென்ஷன் குறையுதாம், நல்லா தூக்கம் வருதாம். நானும் ஒரு டப்பா வாங்கிட்டேன், இன்னும் பிரிக்கல. மூலிகைதானே, பயப்படாம போடலாமா? தைராய்டுக்கு தினமும் காலையில மாத்திரை போடுறேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுல்ல?

பதில்: போற போக்குல கடைசியா ஒண்ணு கேட்டீங்க பாருங்கம்மா, அதுதான் பெரிய விஷயமே. அதுக்கு வர்றேன், முதல்ல தூக்கத்தைப் பேசிடுவோம்.

அஸ்வகந்தான்னா வேற ஒண்ணுமில்ல, அமுக்கரா கிழங்குதான். வேர்ல குதிரை வாடை அடிக்கும்னு அப்படி ஒரு பேரு. தாவரவியல்ல விதானியா சோம்னிஃபெரா, சோம்னிஃபெரான்னா தூக்கம் தர்றதுன்னு அர்த்தம், ஆனா பேர்ல இருக்குங்குறதுக்காக நம்பிட முடியாது இல்லையா. 2012ல 64 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, வேர் எக்ஸ்ட்ராக்ட், அதாவது வேர்லேர்ந்து பிரிச்செடுத்த சத்து, 300 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, 60 நாள். டென்ஷன் குறைஞ்சுது, டென்ஷன்ல ஏறுற கார்டிசோல்ங்குற ஹார்மோனும் ரத்தத்துல குறைஞ்சுது. தூக்கத்துக்கும் பலன் இருக்கு, ஆனா சின்னதுதான், அதுவும் நிஜமாவே தூக்கமில்லாம தவிக்கிறவங்களுக்கு, 600 மில்லிகிராம் மாதிரி எட்டு வாரம் போட்டாதான் கொஞ்சம் தெளிவா தெரியுது. இன்னிக்குப் போட்டு இன்னிக்கே தூங்குற சமாச்சாரம் இல்ல இது. பெரும்பாலான ஆய்வு ரெண்டு மூணு மாசத்தோட முடிஞ்சிடுது, அதனால வருஷக்கணக்கா போட்டா என்ன ஆகும்னு யாரும் உங்களுக்கு அடிச்சு சொல்ல முடியாது.

அந்த டப்பாவைத் திருப்பி பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. வெறும் வேர்ப்பொடியா எக்ஸ்ட்ராக்டான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. எக்ஸ்ட்ராக்ட்னா விதனோலைடு, அதாவது அஸ்வகந்தால வேலை செய்யுற சத்து, 5 சதவீதம்ங்குற மாதிரி போட்டிருக்கும், 300 மில்லிகிராம்ல அது 15 மில்லிகிராம். அந்தக் கணக்கே எழுதாம முன்பக்கம் மட்டும் பெருசா குதிரைப் படம் போட்டிருந்தா எனக்கு அதுமேல நம்பிக்கை வராது.

இப்போ தைராய்டு. சம்பந்தம் இருக்கு, நல்லாவே இருக்கு. 2018ல தைராய்டு லேசா குறைவா இருந்த 50 பேர்கிட்ட சோதிச்சாங்க, எட்டு வாரத்துல அஸ்வகந்தா போட்டவங்களுக்கு டி3, டி4ங்குற தைராய்டு ஹார்மோன் ஏறிச்சு, தைராய்டு குறைஞ்சா கூடுற டிஎஸ்எச் இறங்கிச்சு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா நீங்க ஏற்கனவே மாத்திரை போட்டு அளவு சரி பண்ணி வச்சிருக்கீங்க, அதுக்கு மேல இதுவும் ஏத்துச்சுன்னா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், அப்புறம் எதுக்காக வாங்கினீங்களோ அந்தத் தூக்கமே போயிடும்! டாக்டர்கிட்ட டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்க, அதுவரைக்கும் பிரிக்காதீங்க. டிஎஸ்எச் கடைசியா எப்போ பாத்தீங்க? மாத்திரை அளவு கூடிப்போனாலும் தூக்கம் கெடும், மூணு மாசமா படுற பாட்டுக்குக் காரணம் அதுவாவே இருக்கலாம்.

மூலிகைதானேன்னு கேட்டீங்களே, இதனால கல்லீரல் பாதிச்ச 5 பேரைப் பத்தி 2020ல டாக்டர்கள் எழுதியிருக்காங்க, 2 வாரத்துலேர்ந்து 12 வாரத்துக்குள்ள மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு. அபூர்வம்தான், நாலு பேருக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு மாசத்துக்குள்ள சரியாயிடுச்சு. ஆனா டென்மார்க் 2023ல இதைத் தடையே பண்ணிடுச்சு. கர்ப்பமா இருக்கவங்க கண்டிப்பா தொடக்கூடாது. தூக்க மாத்திரை, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை போடுறவங்களும் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: ஜிம் போறேன் மேடம், அஸ்வகந்தா போட்டா மசில் ஏறுமா?

பதில்: கொஞ்சம் ஏறும் தம்பி. 2015ல 57 ஆம்பளைங்க எட்டு வாரம் வெயிட் தூக்கினாங்க, அஸ்வகந்தா போட்டவங்க பெஞ்ச் பிரஸ்ல, அதான் படுத்துக்கிட்டு தூக்குறதுல, முன்னைவிட 46 கிலோ கூடுதலா தூக்கினாங்க, ஒண்ணுமே இல்லாத டம்மி கேப்ஸ்யூல் போட்டவங்களும் 26 கிலோ கூட்டினாங்க. அவங்கல்லாம் வெயிட் தூக்கிப் பெருசா பழக்கமில்லாதவங்க, நீங்க எத்தனை வருஷமா போறீங்கன்னு எழுதலையே.