இரவில் வீடு புகுந்த திருடனைச் சுட்டால் கொலை வழக்கு வருமா?

"பொள்ளாச்சி அருகே தோப்பு வீட்டில் வயதான தாயாருடன் வசிக்கிறேன்; உரிமம் பெற்ற ரிவால்வர் இருக்கிறது. இரவில் திருடன் புகுந்து, நான் சுட்டு அவன் இறந்தால் கொலை வழக்கு வருமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வழக்குப் பதிவாகும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அது தண்டனையில் முடியுமா என்பதே கேள்வி. உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்கத் தரும் அனுமதிதான். சுட்டது சரியா என்பதை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளை வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யும்.

பொழுது சாய்ந்தபின் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிரான தற்காப்பு உரிமை, அவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் நீளலாம் என்கிறது 41-ஆம் பிரிவு. இதை மட்டும் கேள்விப்பட்டுத் துணிபவர்கள் 37-ஆம் பிரிவைக் கவனிப்பதில்லை: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. அரிவாளோடு படுக்கையறைக் கதவைப் பெயர்ப்பவனைச் சுடுவது வேறு, தோப்பிலிருந்து தேங்காய் மூட்டையோடு ஓடுபவனைச் சுடுவது வேறு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமில்லாத வெறும் திருட்டுக்காக ஒருவரின் உயிரைப் பறிக்க இடமில்லை. "காலைத்தான் குறிவைத்தேன்" என்ற வாதமும் பெரிதாகக் கைகொடுக்காது. தொடையிலுள்ள பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடுகிறது. முதல் குண்டுக்கு முழு நியாயம் இருந்தும், ஆள் திரும்பி ஓடும்போது சுட்ட இரண்டாவது குண்டு வழக்கையே கெடுத்துவிடும். முதுகில் உள்ள காயமும், அதைச் சுற்றி வெடிமருந்துக் கரி படிந்திருக்கிறதா என்பதும், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு அருகில் சுட்டீர்கள் என்பதைப் பிரேதப் பரிசோதனையில் சொல்லிவிடும். நல்லெண்ணத்தோடு எல்லை மீறியதாகக் கருதப்பட்டால், குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையலாம். அதற்கும் 105-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்பதால், அதைப் பெரிய சலுகையாக நான் நினைக்கவில்லை.

உங்களுக்குச் சாதகமானவையும் உண்டு. தாக்கப்படுபவர் அந்தப் பதற்றத்தில் கணக்குப் போட்டுப் படிப்படியாக எதிர்க்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்று, தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையதே ஆனாலும், ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

சுட நேர்ந்துவிட்டால் உடனே 112-ஐ அழைத்து ஆம்புலன்சும் கேளுங்கள். ரிவால்வரைத் துடைக்காதீர்கள், அதன் சுழலறையில் தங்கியிருக்கும் காலித் தோட்டா உறைகளை எடுக்காதீர்கள், பெயர்ந்த தாழ்ப்பாளையும் அப்படியே விட்டுவிடுங்கள், அது உங்கள் பக்கத்துச் சாட்சி. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். விரிவான வாக்குமூலத்துக்கு முன் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளுங்கள். துப்பாக்கியைக் காவல்துறை கைப்பற்றும், உரிமமும் இடைநிறுத்தப்படலாம்.