பயங்கரவாதிகளின் எல்லைத் தாண்டலைத் தரவாக்குவது எப்படி?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறேன். பயங்கரவாத வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் நாட்டு எல்லைகளை எப்படித் தாண்டினார்கள் என்பதை நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் செய்திகளிலிருந்தும் திரட்டி வருகிறேன். இதுவரை ஆளுக்கு ஒரு வரி என்று எக்செல்லில் ஏற்றினேன். ஒருவரே பல முறை எல்லை தாண்டியிருந்தால் எங்கே எழுதுவது, தேதி சரியாகத் தெரியாவிட்டால் என்ன போடுவது, எதை வெற்றி, எதைத் தோல்வி என்று குறிப்பது என்று எல்லாமே குழப்பமாக இருக்கிறது. பேசாமல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகளாவிய பயங்கரவாதத் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்தத் தரவுத்தளம் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. 1970 முதல் நடந்த தாக்குதல்களை அது பதிவு செய்கிறது. அதில் ஒரு வரி என்பது ஒரு தாக்குதல். எல்லை தாண்டியது பற்றி ஒரு நெடுவரிசை இருப்பது உண்மைதான். ஆனால் தாக்கிய குழு எந்த நாட்டைச் சேர்ந்தது, தாக்குதல் எந்த நாட்டில் நடந்தது என்று ஒப்பிட்டு அதை நிரப்புகிறார்கள். இன்னார் இந்த நாளில் இந்த வாயில் வழியாக உள்ளே வந்தார் என்ற தகவல் அதில் கிடையாது. எந்தக் குழு என்றே தெரியாத தாக்குதல்களில் அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்பதற்கான -9 மட்டும்தான் இருக்கும். ஆகவே நீங்கள் தொடங்கிய வேலை தேவையான வேலை. வரியை மட்டும் மாற்ற வேண்டும்.

உங்கள் குழப்பங்களில் முக்கால்வாசி, ஆளுக்கு ஒரு வரி என்று வைத்ததால் வந்தவை. எல்லையைத் தாண்ட எடுத்த ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி என்று வைத்துப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்கள் 19 பேர். அவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்தது மொத்தம் 33 முறை. ஆளுக்கு ஒரு வரி என்றால் 14 நுழைவுகள் காணாமல் போகும். போவதும் வருவதுமாக இருந்தவர்களின் நடமாட்டம்தான் உங்களுக்கு மிகவும் தேவைப்படும், தொலைவதும் அதுதான்.

நடைமுறையில் மூன்று தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் ஆள், இரண்டாவதில் பயணம், மூன்றாவதில் எல்லைத் தாண்டல். பிறந்த ஆண்டு, குடியுரிமை, வழக்கின் முடிவு போன்றவை ஆளின் தாளில் ஒரே முறை வரும். எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர எண்ணினார், எதற்காகப் போனார் என்பவை பயணத்தின் தாளுக்குரியவை. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குள், எந்த இடத்தில், எந்த ஆவணத்தோடு, என்ன நடந்தது என்பதெல்லாம் மூன்றாவதில். ஆளுக்கு ஓர் அடையாள எண், பயணத்துக்கு ஓர் எண் என்று கொடுத்தால் மூன்றையும் இணைத்துவிடலாம்.

பயணத்தையும் தாண்டலையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைத் தாக்குதலைப் பாருங்கள். 2016 டிசம்பர் 19 அன்று லாரியை ஏற்றிக் கொன்ற அனிஸ் அம்ரி, டிசம்பர் 23 அன்று இத்தாலியில் மிலான் நகரை ஒட்டிய செஸ்டோ சான் ஜொவானியில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி என்று போயிருக்கிறார். தப்பி ஓடிய பயணம் ஒன்றுதான். தாண்டிய எல்லைகள் நான்கு. அந்த நான்கும் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்திருக்காது. ரயில் நிலையக் கேமரா, பேருந்துப் பயணம் போன்ற தடயங்களை வைத்துத்தான் பாதையைக் கட்டமைத்தார்கள். அதனால் 'சோதனை நடந்ததா' என்று தனி நெடுவரிசை வேண்டும். சோதனையே இல்லாத இடத்தைத் தாண்டியவரையும் அதிகாரியின் கண்ணுக்கு முன்னால் தாண்டியவரையும் ஒரே 'வெற்றி' என்று எண்ணினால், அந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கூட்டமாக வருபவர்களுக்கும் இதே முறைதான். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்து, நடுவே குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, கொலாபா கரையில் இறங்கினார்கள். பத்துப் பேருக்கும் பத்து வரி போடுங்கள். பத்துக்கும் ஒரே நிகழ்வு எண் கொடுங்கள். கடல் எல்லையை எந்த இடத்தில் தாண்டினார்கள் என்று துல்லியமாகச் சொல்வது பெரும்பாலும் இயலாது. எனவே கடல் வழி வந்தவர்களுக்குக் கரையிறங்கிய இடமே தாண்டிய இடம் என்று உங்கள் கையேட்டில் (எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்ற விதிகளை எழுதி வைக்கும் ஏட்டில்) விதி எழுதிவிட்டு, எல்லா வழக்கிலும் அதையே பின்பற்றுங்கள். விமான நிலையத்தில் குடிநுழைவைக் கடக்காமல் விமானம் மட்டும் மாறினால் அது தாண்டலா என்பதற்கும் இப்படி ஒரு விதி வேண்டும். என் விருப்பம், அதைத் தாண்டலாக எண்ணாமல் பயணத் தாளில் இடைத்தங்கல் என்று குறிப்பது.

இனி வெற்றி, தோல்வி. உங்களை மிகவும் படுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு அஹ்மத் ரெஸ்ஸாம் வழக்கை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் குண்டு வைக்கத் திட்டமிட்ட அல்ஜீரியர் அவர். 1994 பிப்ரவரியில் போலி பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு கனடாவின் மான்ட்ரியலில் வந்து இறங்கினார். போலி என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். உடனே அவர் அகதிப் பாதுகாப்புக் கேட்டார், நாட்டுக்குள் விடப்பட்டார். இது வெற்றியா, தோல்வியா? பிறகு வேறு பெயரில் உண்மையான கனடா பாஸ்போர்ட் ஒன்றைப் பெற்றுக்கொண்டார். 1998-இல் ஆப்கானிஸ்தானில் பயிற்சி. 1999 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வழியாகவே கனடா திரும்பினார், யாரும் தடுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று வாடகைக் காரில் வெடிபொருளோடு கனடாவின் விக்டோரியாவில் படகு ஏறினார். ஏறும் முன் அங்கேயே இருந்த அமெரிக்கக் குடிநுழைவு அதிகாரிகள் சோதித்து அனுப்பிவிட்டார்கள். மறுகரையில், வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலஸ் துறையில், டயானா டீன் என்ற சுங்க அதிகாரி சந்தேகப்பட்டுக் காரைத் திறக்கச் சொன்னதால் பிடிபட்டார். அப்போது அவர் நின்றது அமெரிக்க மண்ணில். முதல் சோதனையில் தேறி, இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்.

இதை ஆம், இல்லை என்ற ஒரே கட்டத்துக்குள் திணிக்கப் பார்த்தால் எந்தப் பக்கம் போட்டாலும் பொய்யாகும். அதை உடைத்துவிடுங்கள். ஆவணம் உண்மையா, போலியா, உண்மையான ஆவணத்தைப் பொய் சொல்லிப் பெற்றதா? அந்த மோசடி அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டதா? எத்தனை சோதனைகள் நடந்தன, எதில் என்ன ஆனது? கடைசியில் அந்த நாட்டுக்குள் சுதந்திரமாக நடமாட முடிந்ததா? ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தால் ரெஸ்ஸாமின் 1994 வரி 'போலி, கண்டுபிடிக்கப்பட்டது, உள்ளே நடமாட முடிந்தது' என்று வரும். 1999 டிசம்பர் வரி 'பொய் சொல்லிப் பெற்ற உண்மை ஆவணம், முதல் சோதனையில் தேறினார், இரண்டாவதில் கைது, நடமாட முடியவில்லை' என்று வரும். வெற்றி என்பதற்கு எந்த வரையறை வேண்டுமோ அதைப் பிறகு நீங்களே இவற்றிலிருந்து கட்டிக்கொள்ளலாம். முதலிலேயே வெற்றி என்று எழுதிவிட்டால் பின்னால் பிரிக்க வழி இல்லை. மறுபடி ஆவணத்தைத்தான் படிக்க வேண்டும்.

தடுக்கப்பட்டவர்களைத் தேடிச் சேர்ப்பது கடினம், ஆனாலும் விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் ஓர்லாண்டோ விமான நிலையத்தில் முகமது அல்-கஹ்தானி என்பவரைக் குடிநுழைவு அதிகாரி ஒருவர் உள்ளே விடவில்லை. முறைப்படி பார்த்தால் அவர் நுழைவு விண்ணப்பத்தைத் தானாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படியே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் செப்டம்பர் 11 தாக்குதலில் சேர வந்தவர் என்பது பின்னர் பிடிபட்டு, கைரேகை ஒப்பிடப்பட்ட பிறகுதான் தெரிந்தது. பிடிபடாமல் இருந்திருந்தால் அது திருப்பி அனுப்பப்பட்ட ஏதோ ஒரு பயணியின் கதையாகவே போயிருக்கும். அப்படி நமக்குத் தெரியாமல் திரும்பியவர்கள், தெரியாமல் உள்ளே வந்து ஒன்றும் செய்யாமல் போனவர்கள் யாரும் உங்கள் தொகுப்பில் இல்லை. ஆகையால் 'எல்லைச் சோதனை இத்தனை சதவீதம் பேரைப் பிடிக்கிறது' என்ற வாக்கியத்தை உங்கள் ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்திலும் எழுதாதீர்கள். தெரிய வந்த தாண்டல்களுக்குள் எந்த வழி, எந்த ஆவணம், எந்தக் காலம் என்று ஒப்பிடலாம். அதற்கு மேல் இந்தத் தரவு தாங்காது.

சரி, தேதி. மும்பைத் தாக்குதலுக்காக முன்கூட்டியே வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2010-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணத்தில், தாக்குதலுக்கு முன் மும்பைக்காக அவர் இந்தியா வந்த ஐந்து பயணங்கள் மாதமும் ஆண்டுமாக மட்டும் வருகின்றன: 2006 செப்டம்பர், 2007 பிப்ரவரி, செப்டம்பர், 2008 ஏப்ரல், ஜூலை. எக்செல்லில் 'செப்டம்பர் 2006' என்று தட்டினால் அது தானாகவே 1ஆம் தேதி ஆக்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அது ஆவணம் சொன்ன தேதியா, மென்பொருள் போட்ட தேதியா என்று யாருக்கும் தெரியாது. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் மூன்று கட்டங்களில் வையுங்கள். பக்கத்தில் துல்லியம் என்று ஒரு கட்டம்: நாள் வரை தெரியும், மாதம் வரை தெரியும், ஆண்டு மட்டும் தெரியும். இடையில் ஏதோ ஒரு நாள் என்றால் இருக்கக்கூடிய மிக முந்தைய தேதியையும் மிகப் பிந்தைய தேதியையும் எழுதுங்கள். அமெரிக்க ஆவணங்களில் மாதம் முன்னால் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 08/04 என்பதை ஏப்ரல் 8 என்று எடுத்துக்கொண்டால் கஹ்தானி நான்கு மாதம் முன்னதாகவே வந்துவிடுவார்.

'தெரியாது', 'இல்லை', 'பொருந்தாது' இந்த மூன்றுக்கும் மூன்று தனிக் குறியீடு. படித்து முடித்த வரியில் வெற்றுக் கட்டம் இருக்கவே கூடாது. வெற்று என்றால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

பெயர்கள் இன்னொரு தலைவலி. அரபுப் பெயர் ஒன்று ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக வரும். இந்தியக் காவல்துறை, நீதிமன்ற ஆவணங்களில் மாற்றுப் பெயருக்கு முன்னால் @ குறி போடுவார்கள். தானியங்கி முறையில் உரையை எடுத்தால் அந்தக் குறியே சில சமயம் உதிர்ந்துவிடும், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். மாற்றுப் பெயர்களுக்கென்று தனித் தாள் வைத்து, எல்லாப் பெயரையும் ஒரே அடையாள எண்ணில் கட்டுங்கள்.

எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லோரும் குற்றப்பத்திரிகையோடு நின்றுவிடுகிறார்கள். அது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு மட்டுமே. விசாரணையில் பல விஷயங்கள் விழுந்துபோகும். அமெரிக்க வழக்குகளில் தண்டனை அறிவிக்கும் முன் எதிர்த்தரப்பு வக்கீல் தாக்கல் செய்யும் மனுவைப் படியுங்கள். தன் கட்சிக்காரர் மீது இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அவர் எங்கே பிறந்தார், எப்போது எங்கே போனார் என்று முழு வாழ்க்கையையும் பெரும்பாலும் அதில் எழுதியிருப்பார். சில வழக்குகளில் பாஸ்போர்ட் பக்கங்களும் வருகைப் பதிவுகளும் சாட்சிப் பொருளாக இணைக்கப்பட்டிருக்கும். செய்தியைப் பொறுத்தவரை, ஒரே செய்தி நிறுவனத்தின் தகவலைப் பத்துப் பத்திரிகைகள் வெளியிட்டாலும் அது ஒரே ஆதாரம்தான். ஒவ்வொரு வரிக்கும், முடிந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று குறியுங்கள். ஆவணம் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு கட்டத்தில் ஒட்டிவிட்டு, உங்கள் குறியீட்டை அடுத்த கட்டத்தில் போடுங்கள். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தால் எந்தத் தவறையும் பின்னால் திருத்த முடியும்.

அமைப்புகளே எழுதி வைத்த பதிவேடுகளும் உண்டு. 2007-இல் இராக்கின் சிஞ்சார் அருகே கைப்பற்றப்பட்ட, வெளிநாட்டுப் போராளிகளின் ஏறத்தாழ 700 பதிவுகளை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பயங்கரவாத எதிர்ப்பு மையம் வெளியிட்டது. ஐ.எஸ். அமைப்பின் நுழைவுப் படிவங்கள் 4,600-க்கும் மேற்பட்டவற்றை அதே மையம் 2016-இல் ஆராய்ந்தது. அந்தப் படிவத்தில் எந்த இடம் வழியாக உள்ளே வந்தாய், யார் பரிந்துரைத்தார் என்ற கேள்விகளே இருந்தன. அருமையான மூலம். ஆனால் வந்து சேர்ந்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள்; வழியில் மடக்கப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். நீதிமன்ற வரிகளோடு கலக்கும்போது ஆதாரத்தின் வகையைக் கட்டாயம் குறியுங்கள்.

இன்னொரு நெடுவரிசையை யாரும் முதலில் யோசிப்பதில்லை: அந்தத் தாண்டல் நடந்தபோது அவர் ஏற்கெனவே அமைப்பில் இருந்தாரா? பத்து வயதில் பெற்றோரோடு குடிபெயர்ந்து, இருபது ஆண்டு கழித்துக் குற்றம் செய்தவரின் முதல் நுழைவைப் பயங்கரவாதியின் ஊடுருவல் என்று எண்ணுவது தவறு மட்டுமல்ல, குடியேறிகள் அனைவர் மீதும் பழி போடும் கணக்கு. ஈடுபாட்டுக்கு முன், பின், தெரியவில்லை என்று குறியுங்கள். நோக்கத்தையும் (பயிற்சி, தாக்குதல், தப்பித்தல், குடும்பம்) அதற்கான ஆதாரம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள்; இல்லாவிட்டால் 'தெரியாது' என்று குறியுங்கள்.

தனியாக ஒருவரே எல்லாவற்றையும் குறியிட்டால் அது நம்பத்தக்க தரவாகாது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வழக்குகளையாவது இன்னொருவர் உங்கள் குறியீட்டைப் பார்க்காமல் குறியிடட்டும். பிறகு ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நூறு வரிகளில் 95 'உள்ளே நுழைந்தார்' என்று இருந்தால், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டாலே 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். 93 சதவீதம் ஒத்துப்போனாலும், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கோகன் கப்பா மதிப்பு 0.26 பக்கம்தான் வரும். அதே வகையைச் சேர்ந்த இன்னோர் அளவையான கிரிப்பென்டார்ஃப் ஆல்பாவாக இருந்தால் 0.8-ஐ இலக்காக வையுங்கள். குறைவாக வரும் நெடுவரிசையில் பெரும்பாலும் ஆளைவிட விதிதான் தெளிவில்லாமல் இருக்கும். கையேட்டில் அந்த விதியைத் திருத்தி, பழைய வரிகளையும் புதிய விதிப்படி மறுபடி குறியிடுங்கள்.

பகுப்பாய்வுக்கு வரும்போது, ஒரே ஆளின் ஐந்து தாண்டல்கள் ஐந்து தனி ஆட்களுடையவை போல நடந்துகொள்ளாது என்பதைப் புள்ளியியல் மாதிரியில் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆலோசகரிடம் ஆள்வாரியான கொத்து என்று சொன்னாலே புரிந்துகொள்வார்.

வெளியிடும் பதிப்பில் பெயர்கள் வேண்டாம். அடையாள எண் போதும். குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள், மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானவர்கள் உங்கள் தொகுப்பில் இருந்தால் அவர்கள் வரிகளை நீக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு வழக்கின் நிலையையும் மறுபடி பாருங்கள். பயங்கரவாதத்துக்குப் பயன்படக்கூடிய ஆவணங்களை வைத்திருப்பதே சில நாடுகளில் குற்றம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அப்படிப்பட்டது. கல்வி ஆய்வுக்காக என்பது ஏற்கத்தக்க காரணம் என்று 2019-இல்தான் தெளிவாக எழுதினார்கள். எனவே எதையும் தரவிறக்கும் முன் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வருவதற்குள், ஏற்கெனவே ஏற்றிய ஆட்களில் அதிகம் பயணம் செய்த ஒருவரை எடுத்து, மூன்று தாள்களிலும் பிரித்து எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டம் உங்கள் கையைக் கட்டுகிறதோ, அதற்கான விதியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.