மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். மோட்டார் தானாக ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. என்ன கம்பெனி, எத்தனை ஹெச்.பி., எப்போது வாங்கியது என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது வேறு. எத்தனை நொடி ஓடுகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? அப்போது வீட்டில் ஏதாவது குழாய் திறந்திருந்ததா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மொட்டை மாடியில் பிரஷர் பம்ப்பும் அதோடு சேர்ந்த 24 லிட்டர் பிரஷர் டேங்கும் இருக்கின்றன. இரவில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. ஆனாலும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் ஓடி நிற்கிறது. தூங்க முடியவில்லை. பம்ப்பை மாற்றிவிடலாமா சார்? (தாம்பரம்)

வேண்டாம். பம்ப் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அதனால் அழுத்தம் இறங்குகிறது, பம்ப் அதை ஈடுகட்டுகிறது. அவ்வளவுதான்.

நேரத்தைக் குறித்து அனுப்பியதற்கு நன்றி. அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 20 பி.எஸ்.ஐ.யில் (பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அளவு) ஓடத் தொடங்கி 40-ல் நிற்கும்படி வைத்த 24 லிட்டர் டேங்க், ஒரு சுற்றுக்குச் சுமார் 8 லிட்டர்தான் வெளியே கொடுக்கும். மீதி இடத்தில் காற்றும் எப்போதும் தங்கும் நீரும். 20 நிமிடத்தில் 8 லிட்டர் என்றால் மணிக்கு 24 லிட்டர், ஒரு நாளைக்கு 570 லிட்டருக்கு மேல். இது சொட்டுச் சொட்டாகப் போகிற கசிவில்லை.

போவது வீட்டுப் பக்கமா, பம்ப் பக்கமா என்று முதலில் பிரிக்க வேண்டும். டேங்கைத் தாண்டி வீட்டுக்கு இறங்கும் பைப்பில் ஒரு வால்வு இருக்கும். பம்ப் ஓடி நின்றதும் மெயின் சுவிட்சை அணைத்து, அந்த வால்வை இறுக்கி மூடுங்கள். பித்தளை இணைப்பில் இருக்கும் பிரஷர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அரை மணி கழித்தும் முள் அங்கேயே இருந்தால் கசிவு வீட்டுக்குள். முள் இறங்கியிருந்தால், வெளியில் ஈரம் எதுவும் தெரியாத பட்சத்தில், என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) சரியாக மூடவில்லை, தண்ணீர் பம்ப் வழியாகவே மேல்தொட்டிக்குத் திரும்புகிறது. என்.ஆர்.வி.யைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மணல் துகளோ பி.வி.சி. துருவலோ மாட்டியிருக்கும். பைப் அறுத்த பிளம்பர் உள்ளே ஊதாமல் விட்டதன் கைங்கரியம்.

வீட்டுக்குள் என்றால் நேராகக் கழிவறைக்குப் போங்கள். ஃப்ளஷ் டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரையும் பயன்படுத்தவிடாதீர்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள் வாஷர் போய்விட்டது. சில தொட்டிகளில், மிதவை ஏறியதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய பால் (ball) வால்வு நிறுத்தாமல், மிஞ்சும் தண்ணீர் நடுக்குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். என் வீட்டிலேயே இந்தக் கசிவு இரண்டு மாதம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஊரார் மோட்டாரைப் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டுக் கக்கூஸைப் பார்க்க நேரம் வரவில்லை.

கேள்வி: குழாயைத் திறந்தால் பம்ப் மூன்று நொடி ஓடுகிறது, இரண்டு நொடி நிற்கிறது. ஷவரில் தண்ணீர் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வருகிறது. பம்ப் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் பிளம்பர். (ஈரோடு)

பணத்தைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள். குழாய் மூடியிருக்கும்போது அமைதி, திறந்தால் சில நொடிக்கு ஒரு முறை டக் டக் என்றால், முதல் சந்தேகம் டேங்கில் காற்று இல்லை என்பதே.

தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். டேங்கின் உள்ளே பிளாடர் என்கிற ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. அந்தக் காற்றுதான் பம்ப் நின்ற பிறகும் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது. காற்று போய்விட்டால் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்ததுமே அழுத்தம் தரைக்கு வந்துவிடும். பம்ப் உடனே ஓடும், உடனே நிற்கும்.

டேங்கின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே சைக்கிள் ட்யூப் வால்வு போலவே ஒன்று இருக்கும். அதன் நடு ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது. பல டேங்குகளில் அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றிப் பையை மட்டும் மாற்றலாம், பம்ப்பைத் தொடவே வேண்டாம். காற்று மட்டும் பலமில்லாமல் வந்தால் காற்று அடைத்தால் போதும்.

அடைப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது மீட்டர் வைத்தால் அது தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். கரண்டை அணைத்து, மேல்தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் வால்வை மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்துவிட்டு, பம்ப்பின் பிரஷர் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகே காற்றைப் பாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும். 20-ல் ஓடும் பம்ப் என்றால் 18. சைக்கிள் பம்ப்பே போதும். காற்று தானாகவும் மெல்லக் குறையும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது.

கேள்வி: டேங்கில் காற்று சரியாக இருக்கிறது, பையும் புதிது. அப்படியும் சில நாள் டக் டக் என்கிறது, சில நாள் சுவிட்ச் போட்டாலும் ஓடுவதில்லை. (ராமநாதபுரம்)

அழுத்தத்தைப் பார்த்துப் பம்ப்பை ஓடவும் நிற்கவும் வைக்கிற பிரஷர் சுவிட்சைப் பாருங்கள். அதற்கு அழுத்தம் போகும் துளை மிகச் சிறியது. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் அது படிந்து அடைத்துக்கொள்ளும், சுவிட்சுக்குச் செய்தி தாமதமாகப் போகும். கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் எறும்பு. சிரிக்காதீர்கள், சுவிட்ச் மூடியைத் திறந்தால் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட்டுகளுக்கு நடுவே எறும்புகள் கருகிக் கிடப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். சில நாள் ஓடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மெயினை அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கேள்வி: எங்கேயும் கசிவில்லை, ஃப்ளஷ் டேங்கும் பார்த்தாகிவிட்டது. ஆனால் சில நேரம் மட்டும் பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது. அப்போதெல்லாம் மாடியில் சோலார் ஹீட்டரின் ஏர் பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (கோவை வாசகி)

உண்டம்மா. சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

உங்களுடையது அழுத்தம் தாங்காத, ஏர் பைப் வைத்த சோலார் டேங்க். அதற்கு மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர்தான் போகிறது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் மட்டும் பிரஷர் பம்ப் இருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்கிற ஒரே இடம், சுடுதண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து தரும் குளியலறை மிக்ஸர் குழாய். யாரோ மிக்ஸரின் இரண்டு திருகையும் திறந்து வைத்துவிட்டு, கையில் பிடிக்கும் ஷவரின் முனையை மட்டும் அடைத்துவிட்டுப் போகிறார்கள். பம்ப் தள்ளும் தண்ணீருக்கு வெளியே வழியில்லை. சுடுதண்ணீர்ப் பைப்புக்குள் ஏறி, சோலார் டேங்கை நிரப்பி, ஏர் பைப் வழியே மாடியில் ஊற்றுகிறது.

அடுத்த முறை கொட்டும்போது ஒவ்வொரு குளியலறையாகப் போய் மிக்ஸரை மூடிப் பாருங்கள், எந்த அறை என்று தெரிந்துவிடும். எதுவுமே திறந்திருக்கவில்லை என்றால் ஏதோ ஒரு மிக்ஸரின் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது. நிரந்தரத் தீர்வுக்கு ஒவ்வொரு மிக்ஸருக்கும் முன்னால் சுடுதண்ணீர்ப் பைப்பில் ஒரு என்.ஆர்.வி. வைக்கச் சொல்லுங்கள். "சோலாரையும் பிரஷர் பம்ப்பில் சேர்த்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அந்த டேங்க் தாங்காது.

கேள்வி: சம்ப் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போட்டோம். மேல்தொட்டி நிறையும் நேரத்தில் ஓடி ஓடி நிற்கிறது. (நாகர்கோவில்)

தொட்டிக்குள் மேல் சென்சார், கீழ் சென்சார் என்று இரண்டு கம்பி இருக்கும். கீழ்க்கம்பி வெளியே தெரியும்போது ஓட வேண்டும், மேல்கம்பி நனையும்போது நிற்க வேண்டும். கீழ்க்கம்பியில் உப்புப் படிந்தோ வயர் அறுந்தோ போனால் கன்ட்ரோலருக்கு மேல்கம்பி ஒன்றுதான் தெரியும். விழும் தண்ணீரின் அலை அதைத் தொட்டால் நிற்கும், விட்டால் ஓடும். எலுமிச்சை தேய்த்துக் கம்பிகளைச் சுத்தம் செய்யுங்கள். துளை போட்ட பி.வி.சி. பைப் துண்டுக்குள் கம்பிகளை இறக்கிவிட்டால் அலையும் அடங்கும். கம்பிக்குப் பதில் மிதவை சுவிட்ச் என்றால், எடைக்கும் மிதவைக்கும் நடுவே வயர் நீளம் போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள்.

கேள்வி: போர் மோட்டார் பத்து நிமிடம் ஓடி நிற்கிறது. அரை மணி கழித்துத் தானே ஓடுகிறது. கெபாசிட்டர் மாற்றியும் பயனில்லை. (திருப்பூர்)

பேனல் போர்டில் ஆம்பியர் மீட்டர் இருக்கிறதா? நிற்கப்போகும் நேரத்தில் அதைப் பாருங்கள்.

முள் ஏறினால் மோட்டார் திணறுகிறது. வோல்டேஜ் குறைவு, மணல் சிக்கியது, வைண்டிங் பலவீனம், இவற்றில் ஒன்று. முள் இறங்கி, தண்ணீரும் காற்றோடு கலந்து பால் போல் விட்டு விட்டு வந்தால் போரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாதபடி பேனலில் உள்ள டிரை ரன் பாதுகாப்பு நிறுத்துகிறது, ஊறிய பிறகு டைமர் மறுபடி ஓட விடுகிறது. நேரத்தைப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது வகையாகத்தான் தோன்றுகிறது. கோடையில் மட்டும்தான் இப்படி என்றால் சந்தேகமே வேண்டாம்.

வெளியே வரும் பைப்பில் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போர் ஊறும் அளவுக்குத் தண்ணீர் எடுங்கள். முழுக்க மூடிவிடக் கூடாது. இறக்க இடமிருந்தால் மோட்டாரை இன்னும் இரண்டு பைப் கீழே இறக்கலாம். செய்யவே கூடாதது ஒன்று உண்டு. தொல்லையாக இருக்கிறதென்று அந்த டிரை ரன் இணைப்பைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள் சிலர். போருக்குள் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றி ஓடும் தண்ணீர்தான்.

கேள்வி: டேங்கே இல்லாத எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா? (மதுரை)

இருக்கும், சில வீடுகளில் அதிகமாகவே. அதில் தண்ணீரைச் சேர்த்து வைக்க இடம் மிகக் குறைவு என்பதால் ஒரு சொட்டுக் குழாய் போதும், இரவெல்லாம் ஓடி ஓடி நிற்கும். கசிவில்லாத வீடாக இருந்தால் வாங்கலாம். பழைய பைப்புள்ள வீடு என்றால் டேங்கோடு இருப்பதே மேல்.

கேள்வி: இப்படி ஓடி ஓடி நின்றால் கரண்ட் பில் ஏறுமா? (சேலம்)

பில் பெரிதாக ஏறாது. ஆனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மோட்டார் வழக்கமான கரண்ட்டைப்போல் பல மடங்கை ஒரு கணம் இழுக்கும். ஓடி ஓடி நின்றால் வைண்டிங் ஆறுவதற்கே நேரம் கிடைக்காது, சுவிட்சின் பாயிண்ட்டும் கருகும். சரிசெய்யும்வரை இரவில் மெயினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.