ஊசியா, கார்ட்ரிட்ஜா? வாசகர் கேள்வி பதில்

இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பலவும் இசைத்தட்டு ஊசியையும், அதைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

என் அண்ணன் 1980-களில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் இன்னும் சரியாகச் சுற்றுகிறது. தூசி துடைக்கும்போது ஊசி ஒடிந்துவிட்டது. கார்ட்ரிட்ஜின் மேலிருந்த எழுத்தும் அழிந்துபோயிற்று. 6,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. என்ன வாங்கலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பணத்தை எடுக்கும் முன் ஒரு வேலை. ஊசி பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் பிடியை முன்பக்கமாக மெல்ல இழுத்துக் கழற்றுங்கள். அதன் உட்புறத்திலோ, அது நுழையும் பொந்தின் விளிம்பிலோ மாடல் எண் பொறித்திருக்கலாம். எண் கிடைத்தால் ஊசியை மட்டும் வாங்கினால் போதும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜில் தேய்வதும் ஒடிவதும் ஊசிதான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்துபோகாத வரை கார்ட்ரிட்ஜின் உடலுக்கு வயதில்லை. ஷூர் நிறுவனம் கார்ட்ரிட்ஜ் செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் பல மாடல்களுக்கு ஜப்பானின் ஜிக்கோ இன்றும் ஊசி செய்கிறது.

எண் கிடைக்காவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். அப்போது இன்றைய விலையைவிட, ஐந்து வருடம் கழித்து அந்த உடலுக்கு ஊசி கிடைக்குமா என்பதையே முதலில் பாருங்கள். இந்தக் கணக்கில் குறைந்த செலவுக்கு எங்கள் தேர்வு ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை. கூம்பு ஊசி உள்ள சி, நீள்வட்ட ஊசி உள்ள இ, நுண்கோட்டு ஊசி உள்ள எம்.எல், ஷிபாட்டா ஊசி உள்ள எஸ்.எச், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுக்கான எஸ்.பி என எல்லா ஊசியும் ஒரே உடலில் மாற்றி மாட்டக்கூடியவை. இன்று இ வாங்கியவர், கையில் காசு சேரும்போது எம்.எல் ஊசியை மட்டும் வாங்கிச் செருகலாம். ஆர்டோஃபான் 2எம் ரெட்டிலும் இப்படி ப்ளூ ஊசியைப் போடலாம். நல்ல கார்ட்ரிட்ஜ்தான், ஆனால் உங்கள் தொகைக்குள் அடங்காது.

ஊசியின் ஆயுளையும் கணக்கில் சேருங்கள். தயாரிப்பாளர் தரும் மணிக்கணக்கு கூம்புக்கு சுமார் 500, நீள்வட்டத்துக்கு 300, நுண்கோட்டுக்கு 1,000. ஒரு எல்.பி.யின் இரண்டு பக்கமும் ஓட 40 நிமிடம் என்று வைத்தால் 300 மணி என்பது 450 தட்டு. தினமும் இரண்டு எல்.பி. கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி எட்டு மாதம்கூட வராது. அவர் கொஞ்சம் பொறுத்திருந்து எம்.எல் வாங்குவதே லாபம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தட்டு கேட்பவருக்கு அதே இ நான்கு வருடம் தாண்டும்.

கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைதான் டோன் ஆர்ம். உங்கள் ஆர்முக்கு இது பொருந்துமா? ஆர்மின் எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து உண்டாக்கும் அதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவே ஊசியைத் தூக்கிப் போடும். மேலே போனால் தாழ்ந்த சுரங்களில் கை வைக்கும். கணக்கு எளிது: மொத்த எடையை நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுங்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மார்க் 2 வகை ஆர்முக்கு, அதன் நுனியில் கார்ட்ரிட்ஜைத் திருகும் ஹெட்ஷெல்லோடு 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 6.1, திருகுகள் அரை கிராம். ஆக ஏறக்குறைய 19. நெகிழ்வு எண்ணில்தான் ஏமாந்துபோவார்கள். ஜப்பான்காரர்கள் அதை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வார்கள், வி.எம்.95இ-க்கு 7 என்று போட்டிருக்கும். நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் மதிப்பு. அது தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை சுமார் 10.5 ஹெர்ட்ஸ். பொருத்தம் பிரமாதம்.

6,000-ஐயும் கார்ட்ரிட்ஜிலேயே கொட்டிவிடாதீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, கோணம் பார்க்கும் அச்சிட்ட அளவுத்தாள், ஊசி துடைக்கும் பிரஷ் இவற்றுக்கு ஆயிரம் ரூபாயாவது ஒதுக்குங்கள். மீதிக்கு இ அடங்கவில்லையா, சி வாங்குங்கள். சரியாகப் பொருத்திய சி, ஏனோதானோவென்று பொருத்திய இ-யைவிட நன்றாகவே பாடும். எம்.சி. (சுருள் அசையும்) வகையை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். டெனான் டி.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட், வி.எம்.95இ தருவது 4. அந்தச் சின்ன சத்தத்தை ஏற்றத் தனி ஆம்ப் வேண்டும். ஊசி தேய்ந்தால் வீட்டில் மாற்றவும் முடியாது.

பொருத்தும் வரிசை: ஊசிக்கு உறை போட்டே திருகை மாட்டுங்கள். பெட்டியில் வரும் திருகுகளையே பயன்படுத்துங்கள். கார்ட்ரிட்ஜ் உடலிலேயே புரி இருப்பதால் நட்டு தேவையில்லை. அதிகமாக முறுக்கினால் புரி தேய்ந்துவிடும். டெக்னிக்ஸில் ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையம் இருக்கும் விளிம்பு வரை 52 மி.மீ. வர வேண்டும். பிறகு, ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வைத்து, உறையைக் கழற்றி, ஆர்ம் அந்தரத்தில் மட்டமாக நிற்கும்வரை பின் எடையைத் திருப்புங்கள். எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவந்து, எடையோடு சேர்த்து 2.0 (கிராம்) வரை திருப்புங்கள். ஆன்டி-ஸ்கேட்டும் 2. கடைசியில் தராசில் ஊசியை இறக்கிச் சரிபாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும். தராசுத் தட்டின் உயரமும் இசைத்தட்டின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புது கார்ட்ரிட்ஜ் மாட்டினேன். இடது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, வலதில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். கடை ஏமாற்றிவிட்டதா?
– வாசகர், குளச்சல்

பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பிருக்காது, உப்புக்காற்றின் மேல்தான். கடலோர வீடுகளில் ஹெட்ஷெல் கம்பிகளின் முனையில் இருக்கும் சிறு கிளிப்புகளும், ஹெட்ஷெல்லின் பின்பக்க நான்கு புள்ளிகளும் பச்சை பூத்துப்போகும். பல்குத்தியில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, காய விட்டு மாட்டிப் பாருங்கள்.

நிறங்கள் சரியா? வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். இன்னும் சந்தேகம் இருந்தால் கம்பிகளைக் கழற்றி, கார்ட்ரிட்ஜின் வெள்ளை முள்ளுக்கும் நீல முள்ளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். எம்.எம். (காந்தம் அசையும்) வகையில் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும். சிவப்பு–பச்சைக்கும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். ஒரு பக்கம் எதுவும் காட்டாவிட்டால்தான் சுருள் அறுந்தது. அப்போது கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் குறட்டால் மெல்ல நெருக்கலாம். கார்ட்ரிட்ஜ் முள்ளில் நேரடியாக சால்டரிங் மட்டும் செய்யாதீர்கள். சூடு உள்ளே ஏறி, மயிரிழைக் கம்பியை அறுத்துவிடும்.

இரைச்சலுக்கு டர்ன்டேபிளின் தனி எர்த் கம்பி ஆம்பின் பின்புறத் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவின் எச்.எம்.வி. ஃபியஸ்டாவில் சத்தம் அடியோடு போய்விட்டது. அதில் இப்போதைய காந்தக் கார்ட்ரிட்ஜைப் போட்டுத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, தக்கலை

வேண்டாம். அந்தக் காலத்து சின்ன பிளேயர்களில் இருப்பது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். உள்ளே இருக்கும் ஆம்ப் அதை நம்பியே கட்டப்பட்டது. காந்தக் கார்ட்ரிட்ஜின் 4 மில்லிவோல்ட் அதன் காதில் விழாது. அதை ஏற்றித் தரும் தனி ஃபோனோ ஆம்ப் போட்டாலும், 5 கிராம் அழுத்தத்துக்குச் செய்த ஆர்ம் 2 கிராமில் தடுமாறும்.

சத்தம் போன காரணத்தை எங்களால் ஊகிக்க முடிகிறது. கிரிஸ்டல் வகையில் இருப்பது ரோஷெல் உப்பு. பெயரிலேயே உப்பு இருக்கிறது. ஈரத்தில் கரையும், 55 டிகிரி வாக்கில் கெட்டுப்போகும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம் மாவட்டத்தில் அது அறுபது வருடம் நிலைத்தால்தான் அதிசயம். அதே பிடியில் உட்காரும் செராமிக் கார்ட்ரிட்ஜைக் கேளுங்கள். செராமிக்குக்கு ஈரம் பயமில்லை. பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பிடியின் அகலம், கம்பிகளின் எண்ணிக்கை, ஊசி திருப்பும் வகையா என்ற மூன்றையும் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பினால் தவறு நேராது.

என்.எஸ்.கிருஷ்ணன் பாட்டு உள்ள 78 தட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. மூன்று வேக டர்ன்டேபிளில் வி.எம்.95இ போட்டிருக்கிறேன். 78-ஐப் போட்டால் ஒரே கரகரப்பு.
– வாசகர், ஒழுகினசேரி, நாகர்கோவில்

உங்கள் ஊர்க்காரரை அந்த ஊசியால் கேட்கக் கூடாது! எல்.பி. ஊசியின் முனை 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 18 மைக்ரான். 78-இன் பள்ளத்துக்கு 3 மில், சுமார் 76 மைக்ரான் வேண்டும். சிறிய முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உருளுகிறது, அதுதான் கரகரப்பு. உங்களிடம் உடல் ஏற்கெனவே இருப்பதால் எஸ்.பி ஊசி மட்டும் வாங்கினால் போதும். அதற்கு அழுத்தம் 5 கிராம். பல ஆர்ம்களின் எண் வளையம் 3 அல்லது 4-உடன் முடிந்துவிடும், தராசை நம்புங்கள். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், பாதி இரைச்சல் அங்கேயே போகும். எஸ்.பி ஊசியோடு தப்பித்தவறி எல்.பி.யைப் போட்டுவிடாதீர்கள்.

தட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, லேபிள் நனையாமல் துடையுங்கள். ஸ்பிரிட் கூடாது. 78 தட்டு அரக்கால் ஆனது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

நாற்பது வருடமாகப் பெட்டி பிரிக்காத ஒரிஜினல் ஊசி என்று ஒருவர் விற்கிறார். புது ஊசியின் பாதி விலை. நம்பலாமா?
– வாசகர், குலசேகரம்

ரப்பர் வெட்டும் ஊர்க்காரருக்கு ரப்பரைப் பற்றி நாங்கள் என்ன சொல்ல? ஊசித் தண்டைத் தாங்கி நிற்பது ஒரு துளி ரப்பர். பெட்டிக்குள் இருந்தாலும் அது விறைக்கும், அல்லது இளகும். விறைத்தால் பாட்டு கரடுமுரடாகும், தட்டும் தேயும். இளகினால் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். வைரம் புதிதுதான்; அதை மட்டும் வைத்து என்ன செய்வது?

பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் "ஸ", "ச" எல்லாம் சீறுகிறது. முதல் பாட்டு சுத்தமாக இருக்கிறது. ஊசி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.
– வாசகர், தோவாளை

உள்பக்கம் போகப் போகப் பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடும் வேகம் குறைகிறது. 33⅓ சுற்றில் வெளி ஓரத்தில் நொடிக்கு சுமார் 51 செ.மீ., லேபிளுக்கு அருகே 21. அதே "ஸ" உள்ளே வரும்போது இரண்டரை மடங்கு நெருக்கிப் பொறிக்கப்பட்டிருக்கும். கூம்பு ஊசி அங்கே கொஞ்சம் திணறும், அது இயல்பு. நீள்வட்ட ஊசியும் மோசமாகச் சீறினால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஊசி முனையில் தூசி உருண்டை. பிரஷைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் தண்டு போய்விடும். மார்த்தாண்டம் வாசகருக்கு நடந்தது அதுவாகவே இருக்கும். இரண்டாவது அழுத்தம். "தட்டு தேயுமே" என்று பலர் குறைத்து வைப்பார்கள். உண்மையில் குறைந்த அழுத்தத்தில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறி மறுபடி மோதுகிறது. சேதம் அப்போதுதான் அதிகம். 1.8 முதல் 2.2 வரை அனுமதி என்றால் 2.0-க்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது கோணம். பேர்வால்ட் அளவுத்தாளில் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்ற இரண்டு இடத்திலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கணினி மையத்தில் அச்செடுத்த தாளை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சடித்திருந்தால் எல்லாமே தப்பு. நான்காவது, சீறல் வலது பக்கம் மட்டும் என்றால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை.

நான்கும் சரியாக இருந்து, ஒரே ஒரு தட்டில் மட்டும் சீறினால் அந்தத் தட்டை யாரோ முன்பே தேய்ந்த ஊசியால் உழுதிருக்கிறார்கள். அதற்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் வாங்கியும் பயனில்லை.