ஆயிரம் வளைவுகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 52. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் குடும்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும்தான். போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது, ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண் பழக்கமானாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 25 நாள் கதிர்வீச்சு. ஒன்பது நாள் வந்தவள் சென்ற வாரத்தோடு நின்றுவிட்டாளாம். சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது. பஸ்ஸுக்கும் கூட வருகிறவரின் கூலிக்கும்தான் வழியில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக, பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினத்தன்று அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறி நிதி திரட்டலாம் என்று நானும் ஐந்து பெண்களும் முடிவு செய்திருக்கிறோம். "பணத்தை நானே தருகிறேன், நடுவழியில் விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார் கணவர். "வந்த நோயை ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா?" என்கிறார் நாத்தனார். உங்கள் கருத்து என்ன?

சேலம் வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாத்தனாருக்கு: ஆமாம், போடத்தான் வேண்டும். என் அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்தபோது எங்கள் வீட்டில் அதைச் சூட்டுக்கட்டி என்றார்கள். இரண்டு மாதம் பற்றுப் போட்டார்கள். விசாரித்தவர்களிடம் 'உடம்பு சரியில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊர் இது. நோய்க்கும் அதே பெயர்தான். ஆனால் அப்போது மட்டும் அந்தச் சொல் நம் வாயில் வராது. 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னால், தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துக்கம் இருந்தது. அதை அவர் வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கணவரின் கேள்வியை அப்படித் தள்ளிவிட மாட்டேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். காற்று குறைந்து மூச்சு முட்டும் உயரமல்ல. ரத்தசோகை இருந்தால் முட்டலாம். கீமோவில் சிவப்பு நிற மருந்து ஏறியிருந்தால் அது இதயத்தைத் தளர்த்தக்கூடும். இடது மார்பு என்பதால் கதிர்வீச்சும் அந்தப் பக்கம்தான். எனவே எக்கோ எடுத்து, மருத்துவர் சரி என்ற பிறகு ஷூ வாங்குங்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தத் தோளில் பை மாட்ட வேண்டாம், கை வீங்கக்கூடும்.

பாதத்தையும் சொல்ல வேண்டும். கீமோ முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அக்கா சமையலறையிலிருந்து வாசல்வரை வந்து, கீரைக்காரியிடம் பேரம் பேசி, கீரையோடு திரும்பினாள். திரும்பும்போதுதான் பார்த்தோம், ஒரு காலில் செருப்பு இல்லை. அது சமையலறை வாசலிலேயே கழன்று கிடந்தது. காலடியில் வாசல் மணல் ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உங்களுக்கும் பாதம் மரத்துப்போயிருந்தால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

முடியாவிட்டால் எந்த வளைவிலும் உட்காரலாம் என்று ஆறு பேரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர், 1980இல் நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கப் புறப்பட்டார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தினார். மறு ஆண்டு இறந்துபோனார். ஓடி முடிக்காதவரின் பெயரில்தான் இன்றும் பல நாடுகளில் ஓடுகிறார்கள். ஆளுக்கு ஒரு டாலர், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆள் இறப்பதற்கு முன்பே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது.

கேட்கிற விதம் முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் நோட்டீசில் தயவுசெய்து 'புற்றுநோயை வென்ற வீராங்கனைகள்' என்று போடாதீர்கள். இறந்தவர்கள் எல்லாம் தோற்றவர்களா என்ன? பதிலாக ஒரு கணக்கைப் போடுங்கள். சேலம் ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பெண்ணுக்கு 25 நாள் சிகிச்சை, தினமும் இறங்கி ஏற வேண்டும். மொத்தம் ஆயிரம் வளைவு. அடிவயிற்றுக் கதிர்வீச்சில் வயிறு இளகிப் போகும். கூடவே வாரம் ஒரு கீமோ இருந்தால் குமட்டும். நடுமலையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சம். மடியில் ஒரு பாலிதீன் பையோடு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அந்த ஆயிரத்தைக் கடக்க வேண்டும். நீங்கள் ஏறுவது 20. பாக்கி 980க்கு ஊர் பணம் தரட்டும், வளைவுக்கு இவ்வளவு என்று. கணவர் தருவதாகச் சொன்ன தொகையை முதல் வளைவுக்கு எழுதிக்கொள்ளுங்கள். அவரும் இதில் சேர்ந்த மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு இடறியது தேதிதான். நீங்கள் மலை ஏறுவது பிப்ரவரியில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சு முழுவதையும் எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். இடையில் விட்டால் நோய் மறுபடி தலைதூக்க இடம் கிடைத்துவிடும். விட்டுப்போன நாட்களை எப்படி ஈடுகட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும், அவள் திரும்பி வந்தால்.

அவள் ஊர்ப்பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாளைக் காலை ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.